40,000 ரூபாய்க்குள் வீட்டு டி.டி.பி. கணினி: எதற்கு எவ்வளவு போடலாம்?

கும்பகோணம் தட்டச்சு | 6 ஜனவரி 2026

அனைவருக்கும் வணக்கம். பதினாறு வருடமாக வீட்டிலிருந்தே டி.டி.பி. வேலை (கணினியில் தட்டச்சும் பக்க வடிவமைப்பும்) செய்கிறேன். பிஎச்.டி. ஆய்வேடு, கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக அழைப்பிதழ் என்று மாறி மாறி வரும். பேஜ்மேக்கரில் ஆரம்பித்தேன், இப்போது கோரல்டிராவும் போட்டோஷாப்பும்தான்.

2013இல் வாங்கிய மூன்றாம் தலைமுறை ஐ3 கணினி இவ்வளவு நாள் தாங்கியது. இப்போது பெரிய ஃபைலைச் சேமிக்கும்போது தானாக அணைந்து மறுபடி வருகிறது. மதர்போர்டில் கெப்பாசிட்டர் உப்பியிருக்கிறது என்று மெக்கானிக் காட்டினார். விண்டோஸ் 10க்கும் ஆதரவு முடிந்துவிட்டது. எனவே புதிதாக வாங்குவது என்று முடிவு செய்துவிட்டோம்.

கையில் 40,000 இருக்கிறது. மானிட்டரும் இதற்குள் வர வேண்டும். பிளஸ் ஒன் படிக்கும் மகன் வாலரண்ட் என்ற விளையாட்டு ஓட வேண்டும் என்கிறான். பக்கத்துக் கடையில் கொடுத்த கொட்டேஷன்: ஐ7 ப்ராசஸர், 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி (ஃபைல்களைச் சேமிக்கிற டிஸ்க்), 450 வாட் எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தருகிற பெட்டி), கேபினெட், 20 இன்ச் மானிட்டர், எல்லாம் சேர்த்து 21,000. பாதி விலையில் ஐ7 கிடைக்கிறதே, வாங்கலாமா? இன்னொருவர் புது ஐ3 வாங்கச் சொல்கிறார், அது விலை அதிகமாக இருக்கிறது. எனக்குக் குழப்பமாக இருக்கிறது.

ரிச்சித்தெரு | 6 ஜனவரி 2026

அக்கா, முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். ஐ7 என்பது ஒரு வரிசையின் பெயர் மட்டும்தான். 2008இலிருந்து அந்தப் பெயரில் வந்துகொண்டிருக்கிறது. அதற்குப் பின்னால் வரும் எண்ணைக் கேளுங்கள். 3770 என்றால் மூன்றாம் தலைமுறை, 8700 என்றால் எட்டாம் தலைமுறை, 12700 என்றால் பன்னிரண்டாம் தலைமுறை. நான்கு இலக்கமாக இருந்தால் முதல் இலக்கத்தையும், ஐந்து இலக்கமாக இருந்தால் முதல் இரண்டையும் பாருங்கள். எண்ணைச் சொல்லாமல் "ஐ7 சார், சூப்பரா ஓடும்" என்று மட்டும் சொன்னால் அந்த இடத்தில் நின்றுவிடுங்கள்.

நான் எட்டு வருடம் சென்னையில் கணினிக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் ஒரு கடையில் அசெம்பிளி வேலை பார்த்தவன். இந்த 21,000 ரூபாய் கணக்கு எனக்குப் பழக்கமானது.

கும்பகோணம் தட்டச்சு | 7 ஜனவரி 2026

கேட்டேன் தம்பி. ஐ7-3770 என்றார். "மதர்போர்டு புத்தம் புதுசு, பெட்டியைப் பிரிக்கவே இல்லை" என்று காட்டவும் செய்தார்.

ரிச்சித்தெரு | 7 ஜனவரி 2026

நினைத்தேன். 3770 வந்தது 2012இல். உங்களிடம் இப்போது இருக்கிற ஐ3யும் அதே தலைமுறை. அதாவது வீட்டை விட்டுக் கிளம்பி அதே தெருவில் இன்னொரு வீட்டுக்குப் போகிறீர்கள், அவ்வளவுதான்.

அந்த மதர்போர்டு புதியது என்பது உண்மையாகவே இருக்கலாம். பழைய எச்61 சிப்செட்டை (போர்டின் முக்கியச் சில்லு) வைத்து, பெயர் தெரியாத கம்பெனிகள் இன்றைக்கும் புது போர்டு தயாரித்து விற்கின்றன. அலுவலகங்கள் கழித்த ப்ராசஸர், டிடிஆர்3 என்ற பழைய வகை ரேம், புது போர்டு, கண்ணாடி வைத்த கேபினெட், உள்ளே நான்கு வண்ண விளக்கு. பார்க்க அழகாக இருக்கும். விண்டோஸ் 11 அந்த ப்ராசஸரை ஏற்காது. இன்டெலில் எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். குறுக்கு வழியில் ஏற்றித் தருகிறேன் என்பார்கள். சம்பாதிக்கிற கணினியில் அதைச் செய்யாதீர்கள். ஏதோ ஒரு பெரிய அப்டேட்டில் நின்றால், முகூர்த்த நாளுக்கு முந்தின வாரமாகப் பார்த்துத்தான் நிற்கும்.

புது ஐ3 என்று சொன்னவர் ஐ3-12100ஐச் சொல்லியிருப்பார். 2022இல் வந்தது. 3770 போலவே 4 கோர் (ப்ராசஸருக்குள் வேலை செய்கிற பகுதி), 8 த்ரெட் (ஒரே நேரத்தில் கவனிக்கிற வேலை வரிசை). ஆனால் இரண்டுக்கும் நடுவில் பத்து வருடத்து வேலை இருக்கிறது. மின்சாரமும் குறைவாகவே எடுத்துக்கொண்டு அந்த ஐ7ஐத் தாராளமாக முந்தும்.

ஓய்வூதியர் | 7 ஜனவரி 2026

சகோதரி, இடையில் ஒரு வழியும் இருக்கிறது. கம்பெனிகள் நான்கைந்து வருடம் பயன்படுத்திவிட்டுக் கழிக்கிற பிராண்டட் டெஸ்க்டாப்களில் எட்டாம் தலைமுறையாகப் பார்த்து எடுக்கலாம். நான் ஐ5-8500 உள்ள சிறிய பெட்டி ஒன்றை வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. 6 கோர், விண்டோஸ் 11 முறையாக ஓடுகிறது, சத்தமே இல்லை. பேரப்பிள்ளைகளுக்கு ஜூம் வகுப்பு, எனக்குத் தமிழ் விக்கிப்பீடியா எழுதுவது, எல்லாம் நடக்கிறது. 20,000க்குள் முடியும். மீதிக்கு நல்ல மானிட்டர் வாங்கலாம்.

கோயமுத்தூர்க்காரன் | 7 ஜனவரி 2026

ஐயா சொல்வது நல்ல யோசனைதான், தட்டச்சும் கோரலும் மட்டும் என்றால் நானும் அதையே சொல்வேன். ஆனால் இரண்டு விஷயம். ஒன்று, 8500க்குள் இருக்கிற கிராபிக்ஸ் விளையாட்டுக்கு மிகவும் சுமார். இரண்டாவது, பிராண்டட் பெட்டிகளில் எஸ்எம்பிஎஸ்ஸும் மதர்போர்டும் அந்தக் கம்பெனிக்கே உரிய அளவில் இருக்கும். ஒரு எஸ்எம்பிஎஸ் போனால் சாதாரணக் கடையில் கிடைப்பது உள்ளே பொருந்தாது. கும்பகோணத்தில் அதைத் தேடி அலைய வேண்டியிருக்கும். ஒரே கணினியை வைத்துப் பிழைப்பு நடத்துகிறவர்களுக்கு இது கஷ்டம்.

நான் சொல்வது ஏஎம்டி கம்பெனியின் ரைசன் 5 5600ஜி ப்ராசஸர். 6 கோர், 12 த்ரெட், 65 வாட். உள்ளேயே இருக்கிற வேகா கிராபிக்ஸ் 12100இல் இருப்பதைவிட நன்றாக வலுவானது. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் வாலரண்ட் ஓடும். அதற்கு ஏற்ற ஏ520 மதர்போர்டோடு சேர்த்தால், 12100உம் எச்610 மதர்போர்டும் சேர்ந்த ஜோடியின் விலைதான் ஏறத்தாழ வருகிறது. இரண்டுக்கும் பெட்டியிலேயே கூலர் விசிறி வரும், தனியாக வாங்க வேண்டாம்.

எழுத்தைக் கவனியுங்கள் அக்கா. 5600ஜி வேறு, 5600 வேறு. ஜி இல்லாததில் கிராபிக்ஸ் கிடையாது. இன்டெலில் எஃப் என்று முடிந்தால் கிராபிக்ஸ் கிடையாது. 12100எஃப் விலை குறைவாகத் தெரியும், அதை வாங்கி வந்து மாட்டினால் மானிட்டரில் ஒன்றுமே வராது. என் நண்பனுக்கு இப்படி நடந்து, தனியாக ஒரு கார்டு வாங்க வேண்டி வந்தது.

ரிச்சித்தெரு | 8 ஜனவரி 2026

தம்பி சொன்னதில் எனக்கு ஒரு மறுப்பு. நாளைக்குக் கிராபிக்ஸ் கார்டு போடுவார்கள் என்றால் 12100தான் நல்லது. 5600ஜியில் கார்டுக்குப் போகிற பாதை பழைய பிசிஐ 3.0 மட்டும்தான், கேஷும் (ப்ராசஸருக்குள் இருக்கிற சிறு மெமரி) 16 எம்பிதான், ஜி இல்லாத 5600இல் அது 32. விலை குறைந்த கார்டுகளில் சில அந்தப் பாதையில் நான்கே நான்கு லேன் (தடம்) உள்ளவை. அவற்றை 3.0 ஸ்லாட்டில் போட்டால் வேகம் நன்றாகவே அடிபடும். 12100க்கு அந்தப் பிரச்சினை இல்லை. அதே போர்டில் பின்னால் ஒரு ஐ5 12400ஓ 14400ஓ மாற்றிக்கொள்ளவும் செய்யலாம்.

கோயமுத்தூர்க்காரன் | 8 ஜனவரி 2026

சரிதான் அண்ணா. கார்டு வாங்குகிற திட்டம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. அடுத்த மூன்று வருடத்துக்கு இல்லை என்றால் 5600ஜி. ஒரு வருடத்தில் வாங்குவோம் என்றால் 12100. அக்காவின் வேலைக்கு இரண்டுமே தாராளம்.

கும்பகோணம் தட்டச்சு | 8 ஜனவரி 2026

மூன்று வருடத்துக்கு நிச்சயமாக இல்லை. மகனிடமும் சொல்லிவிட்டேன், ஒத்துக்கொண்டான். அப்படியானால் 5600ஜி என்று வைத்துக்கொள்கிறேன். ஆனால் ரேம் விலை கேட்டுத் தலை சுற்றுகிறது. ஒரு 8 ஜிபி 5,000க்கு மேல் சொல்கிறார்கள். போன வருடம் என் தங்கை வீட்டில் வாங்கியபோது 1,700தான். கடைக்காரர் கூட்டிச் சொல்கிறாரா?

ரிச்சித்தெரு | 8 ஜனவரி 2026

கடைக்காரர் மீது தப்பில்லை அக்கா. இப்போது எங்கே கேட்டாலும் இப்படித்தான். ரேம் சில்லு தயாரிக்கிற பெரிய கம்பெனிகள் உலகத்திலேயே மூன்றுதான்: சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான். ஏஐ சர்வர்களுக்குப் போகிற மெமரியில் லாபம் அதிகம் என்பதால் தயாரிப்பு அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. போன டிசம்பரில் மைக்ரான் தன் க்ரூஷியல் சில்லறை வியாபாரத்தையே மூடுவதாக அறிவித்தது. உங்களுக்கு வேண்டிய டிடிஆர்4 ரேம் பழைய வகை என்பதால் அதை ஏற்கனவே குறைத்துக்கொண்டு வந்தார்கள். இரண்டும் சேர்ந்துதான் இந்த விலை. எஸ்எஸ்டியும் ஏறியிருக்கிறது.

ஒரு வருடத்துக்கு முன்னால் யாராவது கேட்டிருந்தால் "ரேமைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், 16 போடுங்கள்" என்று ஒரு வரியில் முடித்திருப்பேன். இப்போது மொத்தப் பட்டியலும் ரேமைச் சுற்றித்தான் சுழல்கிறது. டிடிஆர்5 என்ற புது வகை ரேம் கேட்கிற ஏஎம்5 போர்டு (ஏஎம்டியின் அடுத்த தலைமுறை) பக்கம் போக வேண்டாம் என்று நான் சொல்வதற்கும் அதுதான் காரணம்.

கும்பகோணம் தட்டச்சு | 8 ஜனவரி 2026

அப்படியானால் இப்போதைக்கு ஒரே ஒரு 8 ஜிபி போட்டு, விலை இறங்கியதும் இன்னொன்று வாங்கலாமா?

கோயமுத்தூர்க்காரன் | 9 ஜனவரி 2026

12100ஆக இருந்தால் சரி என்பேன். 5600ஜியில் வேண்டாம் அக்கா. தனி கார்டு இல்லாதபோது கிராபிக்ஸ் வேலைக்கும் இதே ரேமைத்தான் எடுத்துக்கொள்ளும். எடுத்துக்கொள்வது அளவை மட்டும் இல்லை, வழியையும்தான். 3200 வேகத்தில் ஒரு ஸ்டிக் (ரேம் பட்டை) இருந்தால் நொடிக்கு 25.6 ஜிபி போகலாம், இரண்டாகப் போட்டால் 51.2. ப்ராசஸரும் கிராபிக்ஸும் ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கின்றன, இரண்டாவது குழாய் இல்லாவிட்டால் விளையாட்டு திக்கித் திக்கித்தான் ஓடும். 16 ஜிபியையே ஒரே ஸ்டிக்காக வாங்கினாலும் இதே கதைதான். இரண்டு 8 ஜிபி வேண்டும்.

ரிச்சித்தெரு | 9 ஜனவரி 2026

பணத்துக்கு ஒரு வழி சொல்கிறேன். கணினியில் பயமில்லாமல் பழையதாக வாங்கக்கூடிய பொருள் ஒன்று உண்டென்றால் அது ரேம்தான். அதில் ஓடித் தேய்கிற பாகம் எதுவும் இல்லை. வந்த அன்றே சோதித்து நல்லது என்று தெரிந்தால் வருடக்கணக்கில் ஓடும். மெம்டெஸ்ட்86 என்ற இலவசச் சோதனையை யூஎஸ்பியில் ஏற்றி இரவு முழுக்க ஓட விடுங்கள். காலையில் ஒரு பிழைகூட இருக்கக் கூடாது. ஒன்று இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

வாங்கும்போது இரண்டு எச்சரிக்கை. லேப்டாப் ரேம் நீளம் குறைவு, பொருந்தாது. சர்வரிலிருந்து கழற்றிய ரேம் பார்ப்பதற்கு அச்சு அசல் இதே மாதிரி இருக்கும், விலையும் ஆச்சரியமாகக் குறைவாக இருக்கும். அது ரெஜிஸ்டர்டு வகை, இந்த போர்டில் உயிரே பெறாது. பழைய அலுவலக ரேம்கள் பெரும்பாலும் 2400 அல்லது 2666 வேகம். 2666இல் இரண்டு கிடைத்தால் தயங்காமல் எடுங்கள், இரண்டும் சேர்ந்து நொடிக்கு 42 ஜிபிக்கு மேல் வருகிறது. புது 3200 ஒற்றை ஸ்டிக்கைவிட அது நல்லது.

எஸ்எம்பிஎஸ், எஸ்எஸ்டி இரண்டையும் மட்டும் பழையதாக வாங்கவே கூடாது.

வயர்மேன் | 9 ஜனவரி 2026

ஈரோடு. எலக்ட்ரீஷியன் வேலை, பக்கத்தில் யூபிஎஸ் சர்வீஸ். யாராவது எஸ்எம்பிஎஸ் பேச்சை எடுப்பார்கள் என்று காத்திருந்தேன். நான் பார்க்கிற செத்துப்போன கணினிகளில் ப்ராசஸர் கெட்டுப் பார்த்தது மிக அரிது. கெட்டது எஸ்எம்பிஎஸ்ஸாக இருக்கும், அல்லது அது போகும்போது கூட இழுத்துக்கொண்டு போன மதர்போர்டாக இருக்கும்.

அம்மா, உங்கள் கொட்டேஷனில் 450 வாட் எஸ்எம்பிஎஸ் என்று இருக்கிறதே, கடைக்குப் போனால் அதன் பக்கவாட்டில் ஒட்டியிருக்கிற லேபிளைப் படியுங்கள். 12 வோல்ட் என்ற கட்டத்துக்குக் கீழே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட். இன்றைய கணினி ஏறக்குறைய எல்லா மின்சாரத்தையும் அந்த 12 வோல்ட்டில்தான் எடுக்கிறது. உண்மையான 450 வாட் என்றால் அங்கே 35 ஆம்பியர் அளவில் இருக்கும், பெருக்கினால் 420. நான் பிரித்துப் பார்த்த மலிவு பெட்டிகளில் 16 ஆம்பியர் என்று போட்டிருக்கும். 192 வாட்! மேலே மட்டும் பெரிய எழுத்தில் 450. கையில் எடுத்தாலே தெரியும், காலி டப்பா மாதிரி இருக்கும். உள்ளே ஃபில்டர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கம்பியைச் சாலிடர் செய்து விட்டிருப்பார்கள்.

உங்கள் கணினி முழு வேலையில் 100 வாட்டைச் சுற்றித்தான் எடுக்கும். அதனால் 600, 750 எல்லாம் வேண்டாம். 80 பிளஸ் சான்று (மின்சாரத்தை அதிகம் வீணாக்காது என்பதற்கு) உள்ள, பெயர் தெரிந்த கம்பெனியின் 450 வாட் போதும். மூன்று வருடமாவது வாரண்டி இருக்கட்டும். இதில் ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள், வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். இப்போதிருக்கிற கேபினெட்டை வெறுங்காலோடு தொட்டால் சுர்ரென்று இருக்கிறதா?

கும்பகோணம் தட்டச்சு | 9 ஜனவரி 2026

ஆமாம் ஐயா, பல வருடமாகவே. மழைக்காலத்தில் அதிகம். செருப்புப் போட்டுக்கொண்டுதான் உட்காருவேன். கணினி என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

வயர்மேன் | 10 ஜனவரி 2026

அப்படி இருக்கக் கூடாது அம்மா. உங்கள் பிளக்கில் எர்த் வேலை செய்யவில்லை என்று அர்த்தம்.

நல்ல எஸ்எம்பிஎஸ்ஸிலும் இது நடக்கும், காரணம் இதுதான். மின்சாரத்தில் வருகிற இரைச்சலை வடிகட்ட, உள்ளே இரண்டு சின்ன கெப்பாசிட்டர்கள் ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் கேபினெட் உடம்புக்குப் போகின்றன. எர்த் இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குள் இறங்கிவிடும். எர்த் இல்லாவிட்டால் போக இடமில்லாமல் கேபினெட்டிலேயே நிற்கும், 230 வோல்ட்டில் பாதியளவு. கரண்ட் மிகக் குறைவு என்பதால் சுர்ரென்பதோடு நிற்கிறது. ஆனால் உள்ளே ஏதாவது இன்சுலேஷன் போய் ஃபேஸ் நேராக உடம்பைத் தொட்டால், காப்பாற்ற வேண்டியது அந்த எர்த் கம்பிதான். அது இல்லை என்றால் தொடுகிற ஆள்தான் எர்த்.

உள்ளூர் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், நீங்களே மீட்டர் வைக்க வேண்டாம். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் அளக்கச் சொல்லுங்கள். 230ஐ ஒட்டி வர வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. புதுக் கணினி வீட்டுக்குள் வருவதற்கு முன்னால் இதைச் செய்துவிடுங்கள்.

யூபிஎஸ் என்ன வைத்திருக்கிறீர்கள்?

கும்பகோணம் தட்டச்சு | 10 ஜனவரி 2026

600 விஏ ஒன்று இருக்கிறது. கரண்ட் போனதும் ஒரு நிமிடம்கூட நிற்பதில்லை. லேசர் பிரிண்டரையும் அதில்தான் செருகியிருக்கிறேன்.

வயர்மேன் | 10 ஜனவரி 2026

பிரிண்டரை இன்றைக்கே கழற்றி நேராக சுவர் பிளக்கில் போடுங்கள். லேசர் பிரிண்டர் சூடேறும்போது இழுக்கிற கரண்டை அந்த யூபிஎஸ் தாங்காது. 600 விஏ என்றால் பெரும்பாலும் 360 வாட். உங்கள் புதுக் கணினிக்கும் மானிட்டருக்கும் அது போதும். உள்ளே 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரி ஒன்று இருக்கும், இரண்டு மூன்று வருடத்தில் உயிர் போய்விடும். பேட்டரியை மட்டும் மாற்றுங்கள், புது யூபிஎஸ் வேண்டாம். 40,000க்குள் முடிக்க இதுவும் உதவும்.

ரிச்சித்தெரு | 10 ஜனவரி 2026

ஐயா சொன்னதற்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. கடையில் இருந்த எட்டு வருடமும் எர்த்தைப் பற்றி நாங்கள் ஒரு வாடிக்கையாளரிடம்கூடக் கேட்டதில்லை என்பதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

மற்ற பொருட்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். எஸ்எஸ்டி 500 ஜிபி, வேகமான என்விஎம்இ வகை. ஏ520 போர்டில் பிசிஐ மூன்றாம் தலைமுறை வேகம்தான் கிடைக்கும், அதனால் நான்காம் தலைமுறைக்கு அதிகம் கொடுக்காதீர்கள். டிஎல்சி வகைச் சில்லு, ஐந்து வருட வாரண்டி என்று இருந்தால் போதும். எம்.2 என்ற சிறு பட்டை வடிவத்தில் இருப்பதெல்லாம் என்விஎம்இ இல்லை, வேகம் குறைந்த சாட்டா வகையும் அதே வடிவத்தில் வரும், பெட்டியைப் படித்து வாங்குங்கள். கேபினெட் பழையதே இருக்கட்டும், துடைத்து முன்னால் ஒரு விசிறி மாட்டினால் போதும். கீபோர்டு மவுஸும் அப்படியே. போர்டு வாங்கும்போது 5600ஜிக்கு ஏற்ற பயாஸ் (போர்டைத் தொடக்கி வைக்கிற மென்பொருள்) இருக்கிறதா என்று கேட்டு, இல்லாவிட்டால் அப்டேட் செய்தே தரச் சொல்லுங்கள்.

பில் இல்லாமல் 18 சதவீதம் ஜிஎஸ்டி குறைத்துத் தருகிறேன் என்பார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். பில்லில் ஒவ்வொரு பொருளின் சீரியல் நம்பரும் இருக்க வேண்டும். மூன்றாம் வருடம் போர்டு போனால் அந்தக் காகிதம்தான் பேசும்.

கும்பகோணம் தட்டச்சு | 11 ஜனவரி 2026

மானிட்டரைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. பத்து மணி நேரம் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இப்போதிருப்பது 18.5 இன்ச், பழைய விஜிஏ கேபிள். சிறிய எழுத்தில் ண, ன சுழி எண்ணுவதற்குள் கண் வலித்துவிடுகிறது. ஆய்வேட்டில் அந்தப் பிழை தப்பித்துப் போனால் எனக்கு இரவு தூக்கம் வராது.

ரிச்சித்தெரு | 11 ஜனவரி 2026

மன்னிக்க வேண்டும் அக்கா, முதலில் சொல்லியிருக்க வேண்டியது இதுதான். உங்கள் பழைய மானிட்டர் 1366க்கு 768, பத்தரை லட்சம் புள்ளி. 1920க்கு 1080 வாங்கினால் இருபது லட்சத்துக்கு மேல். அந்தக் கொட்டேஷனில் இருந்த 20 இன்ச் பெரும்பாலும் 1600க்கு 900ஆகத்தான் இருக்கும், அது வேண்டாம்.

எல்லோரும் 24 இன்ச் வாங்கச் சொல்வார்கள். எழுத்து வேலைக்கு என் எண்ணம் வேறு. அதே 1920க்கு 1080ஐ 21.5 இன்ச்சில் வாங்கினால் ஒரு அங்குலத்துக்கு 102 புள்ளி வருகிறது, 24 இன்ச்சில் 92தான். சுழியும் புள்ளியும் கூர்மையாகத் தெரிவது சிறியதில்தான். விலையும் குறையும். ஐபிஎஸ் பேனலாகப் பாருங்கள். டிஎன் பேனலில் தலையைக் கொஞ்சம் அசைத்தால் குங்குமச் சிவப்பு வேறு சிவப்பாகிவிடும், பத்திரிகை வேலைக்கு ஆகாது. கேபிள் எச்டிஎம்ஐ. விஜிஏ வழியாகப் போனால் எந்த மானிட்டரும் கொஞ்சம் மங்கலாகத்தான் காட்டும், உங்கள் கண்வலியில் பாதி அந்தக் கேபிளாகக்கூட இருக்கலாம்.

ஓய்வூதியர் | 11 ஜனவரி 2026

விண்டோஸ் உரிமத்தையும் கணக்கில் சேர்த்தீர்களா சகோதரி? நான் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட்டில் தமிழ்99 விசைப்பலகை வைத்து நன்றாகவே எழுதுகிறேன், காசு இல்லை. ஆனால் கோரலும் போட்டோஷாப்பும் அதில் நேராக ஓடாது, உங்களுக்கு விண்டோஸ்தான்.

கும்பகோணம் தட்டச்சு | 11 ஜனவரி 2026

விண்டோஸ் 10 தனியாகக் கடையில் பெட்டியோடு வாங்கியது ஐயா, பில்லும் இருக்கிறது.

கோயமுத்தூர்க்காரன் | 11 ஜனவரி 2026

அப்படியானால் கவலை இல்லை அக்கா. பெட்டியாக வாங்கிய உரிமத்தைப் புது போர்டுக்கு மாற்றிக்கொள்ளலாம், அங்கிருந்து 11க்குப் போக இலவசம். கணினியோடு சேர்ந்து வருகிற உரிமம்தான் அந்த போர்டோடு போய்விடும். பழையதைப் பிரிப்பதற்கு முன் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இணைத்துவிடுங்கள்.

கும்பகோணம் தட்டச்சு | 24 ஜனவரி 2026

எல்லோருக்கும் நன்றி. பொங்கல் கழித்து வாங்கிவிட்டோம். கணக்கைச் சொல்லிவிடுகிறேன், பின்னால் தேடி வருகிறவர்களுக்கு உதவும். 5600ஜி 12,200. ஏ520 மதர்போர்டு 5,100. பழைய 2666 ரேம் இரண்டு 8 ஜிபி, ஒரே அலுவலகக் கணினியிலிருந்து எடுத்தது, 7,000. எஸ்எஸ்டி 5,200. எஸ்எம்பிஎஸ் 2,900, லேபிளைப் படித்துத்தான் வாங்கினேன், கடைப் பையன் ஆச்சரியமாகப் பார்த்தான். 21.5 இன்ச் ஐபிஎஸ் மானிட்டர் 6,300. யூபிஎஸ் பேட்டரி 1,000. மொத்தம் 39,700. எர்த் வேலைக்கு ஆனது தனி.

மகனே உட்கார்ந்து மாட்டினான். முதலில் விசிறி சுற்றியது, மானிட்டரில் ஒன்றும் வரவில்லை. எனக்குக் கை நடுங்கிவிட்டது. அவன் ரேமைக் கழற்றி இரண்டு முனையிலும் டக் டக்கென்று சத்தம் கேட்கும்வரை அழுத்தினான், வந்துவிட்டது. மெம்டெஸ்ட் இரவு முழுக்க ஓடியது, பிழை பூஜ்யம்.

240 பக்க ஆய்வேடு ஒன்றைத் திறந்தேன். முன்பு திறக்க வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய் உலை வைத்துவிட்டு வருவேன், இப்போது நாற்காலியை இழுப்பதற்குள் வந்து நிற்கிறது. சுழி எண்ணக் கண்ணாடியைக் கழற்றி மாட்ட வேண்டியதில்லை.

வயர்மேன் ஐயா, நீங்கள் சொன்னபடி அளக்கச் சொன்னேன். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் 90 வோல்ட்தான் வந்தது. கொல்லைப்பக்கம் எர்த் குழிக்குப் போகிற கம்பி துருப்பிடித்து அறுந்தே போயிருந்தது. எப்போது அறுந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. புதுக் கம்பி போட்டு, குழியில் கரியும் உப்பும் போட்டு மூடினார்கள். இப்போது 228. இன்றைக்கு வெறுங்காலோடு உட்கார்ந்துதான் இதை அடிக்கிறேன்.

வயர்மேன் | 24 ஜனவரி 2026

நிம்மதி அம்மா. அந்தக் குழி காய்ந்தால் மறுபடி வோல்ட் இறங்கும். சித்திரை, வைகாசியில் வாரத்துக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றி வையுங்கள்.